சொல்லாத உத்தரவு

…இடது என்றுதான் சொன்னோம், சந்தேகமே இல்லை, 'இடது பத்து' என்று இந்த வாய்தான் சொன்னது, தோளில் நாலு தங்கப்பட்டை மின்ன, கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, டயமண்ட் ஹார்பர் தாண்டியதிலிருந்து சொல்லிக்கொண்டு வந்த அதே கனத்த குரலில் சொன்னது, ஆனால் இந்த வளைவில் திரும்ப வேண்டியது வலது பக்கம், இடது பக்கம் இருப்பது செங்கல் சூளையும் இடுப்பளவு சேறும்… அப்படியானால் கப்பல் ஏன் வலது பக்கம் திரும்பிக்கொண்டிருக்கிறது? சுப்ரகாஷ் லாஹிரி திசைகாட்டியை எட்டிப் பார்த்தார். ஹூக்ளி நதியில் முப்பத்தொரு வருஷமாகக் கப்பல்களுக்கு வழி சொல்லும் பைலட் அவர், சுக்கானை விரலால்கூடத் தொட மாட்டார், வாய் வார்த்தை ஒன்றாலேயே கல்கத்தா வரை கொண்டுபோய்ச் சேர்ப்பவர், அவர் ஏறினால்தான் கொடிக்கம்பத்தில் சிவப்பு வெள்ளைக் கொடி ஏறும், அவர் இறங்கினால்தான் அது இறங்கும், கடலில் ராஜாவாக இருக்கும் கேப்டன்கள் நதிக்குள் வந்ததும் அவரிடம் அண்ணன் முறை கொண்டாடி 'தாதா, டீயில சர்க்கரை எத்தனை' என்று கேட்பார்கள். அப்படிப்பட்டவர் இடது என்றார். சக்கரத்தைப் பிடித்திருந்த சுக்கானி மொஃபிஸ் மியான், கேட்ட உத்தரவை உரக்கத் திருப்பிச் சொல்ல வேண்டிய வழக்கப்படி, கணீரென்று, "வலது பத்து, சார்" என்றான். வலது பக்கமே திருப்பினான். சூளைப் புகைபோக்கி நிதானமாக இடது ஜன்னலோரம் நகர்ந்து பின்னால் போனது, ஒன்றுமே நடக்காததுபோல.

ஒன்றும் நடக்கவில்லைதான், அதுதானே பயங்கரம், நடந்திருந்தால் நூற்றறுபது மீட்டர் கப்பல் சேற்றில் மூக்கைக் குத்தி, கடலேற்ற வெள்ளம் வடிந்தால் முதுகு உடைந்து… தீபாயனுக்கு நடந்த மாதிரி. தீபாயன் சர்க்கேல், இளம் பைலட், முப்பத்துநாலு வயசு, போன மாதம் இதே தப்பு, இதே இடது. நாலு நாள் கப்பல் சேற்றில் கிடந்தது. விசாரணைக் குழுத் தலைவர் யார்? லாஹிரி. "மனசுல வலதுதான் சார் இருந்துச்சு, வாயில இடது வந்துடுச்சு" என்று பையன் உதடு துடிக்கச் சொன்னபோது, "நதி உன் மனசைப் பார்க்காது தம்பி, உன் வாயைத்தான் பார்க்கும்" என்று சொல்லிவிட்டு, மற்ற உறுப்பினர்கள் டீக்கோப்பையைப் பாதியில் நிறுத்தி வியக்கும்வரை காத்திருந்தது யார்? அறிக்கை பைக்குள் இருக்கிறது, உரிமத்தை நிரந்தரமாக ரத்து செய்யலாம், பதினெட்டு பக்கம், இன்று மாலை ஐந்து மணிக்குள் ஒரு கையெழுத்துதான் பாக்கி, அதோடு தீபாயன் இந்த நதியில் படகுகூட விட முடியாது. ஐயோ, வாயு நெஞ்சை அடைக்கிறதே, காலையில் அந்த நாலாவது லூச்சிப் பூரியைத் தின்றிருக்கக் கூடாது… லூச்சியா? லூச்சியாகவே இருக்கட்டும். தொப்பிக்கு அடியில் பனிக்குப் போட்டிருந்த குரங்குக் குல்லா வியர்வையில் ஊறி நெற்றியை அரித்தது, சொறிந்தால் கம்பீரம் போய்விடும். கேப்டன் ஹல்தார் பார்த்துவிட்டாரோ? இல்லை, அவர் கடலைப் பருப்பைத் தொட்டுக்கொண்டு ஐந்தாவது லூச்சியில் மூழ்கியிருந்தார். லாஹிரி மெல்ல நகர்ந்து சுக்கானியின் தோளருகே போனார்.

"மியான், இப்ப நான் என்னய்யா சொன்னேன்?"

"வலது பத்துன்னீங்க சார்."

"நல்லா ஞாபகம் இருக்கா?"

"நீங்க எப்ப சார் தப்பா சொல்லியிருக்கீங்க?"

முகத்தைத் திருப்பாமலே சொன்னான். இது மரியாதையா, நக்கலா, இரக்கமா? சந்த்வீப் தீவுக்காரன், வெற்றிலைக் காவி ஏறிய பல், இந்தத் தடத்தில் பதினோரு வருஷமாக மாதம் இரண்டு தடவை ஏறி இறங்குகிறவன், எத்தனை பைலட்டுகளின் வாயைப் பார்த்திருப்பான்… எப்ப தப்பா சொல்லியிருக்கீங்க. எப்போதெல்லாம் என்றல்லவா கேட்கிறான்? இவனோடு எத்தனை தடவை வந்திருப்போம், ஐம்பது, அறுபது, அதில் எத்தனை வளைவு நம்முடையது, எத்தனை இவனுடையது? துறைமுகத்துக்கு அறுபத்துநாலு பக்கத்தில் விதிப்புத்தகம் எழுதிக் கொடுத்தபோது பதினேழாம் விதியை எவ்வளவு ரசித்து எழுதினோம், சுக்கானி உத்தரவைத் திருப்பிச் சொல்ல வேண்டும், சொன்னபடியே செய்ய வேண்டும், தானாக யோசிக்கலாகாது… இவன் யோசித்திருக்கிறான். விதிப்படி இவன்மேல் புகார் எழுத வேண்டும். என்னவென்று? பைலட் கரையில் மோதச் சொல்லியும் மோத மறுத்தான் என்றா?

அடுத்த வளைவு நெருங்கிவிட்டது, இது இடது, இந்தத் தடவை நிஜமாகவே இடது, பின்னாலிருந்து ஏறும் வெள்ளம் கப்பலைத் தள்ளிக்கொண்டு போகிறது, பக்க ஜன்னலுக்கு நேராக மிதவை தெரிந்தால் உத்தரவு சொல்ல வேண்டும், தெரிந்துவிட்டது, சொல்… லாஹிரி சொல்லவில்லை. சொல்ல வரவில்லையா, சொல்லக் கூடாது என்று நினைத்தாரா, அவருக்கே தெரியவில்லை, பற்கள் நாக்கைக் கவ்விக்கொண்டன. ஒன்று. இரண்டு. படித்துறையில் படகுக்குக் காத்திருப்பவர்களின் முகங்கள்கூடத் தெரிகின்றன. மூன்று. பைத்தியமே, வாயைத் திற, நாலு…

"இடது அஞ்சு, சார்" என்றான் மொஃபிஸ் மியான், யாரோ சொன்னதைத் திருப்பிச் சொல்லும் அதே பணிவோடு. சக்கரம் சுழன்றது. கப்பல் எருமை மாதிரி சாவகாசமாகத் திரும்பியது. ஹல்தார் விரல் எண்ணெயைத் துடைத்துக்கொண்டு குறிப்பேட்டில் நேரம் எழுதி, 'பைலட் உத்தரவுப்படி' என்று சேர்த்து, "பிரமாதம் தாதா! உங்க குரலைக் கேட்டாலே கப்பல் பயந்து திரும்புது" என்றார்.

லாஹிரி சிரித்தார், அல்லது உதடு தானாக விரிந்தது. குரலா? எந்தக் குரல்? கம்பியைப் பிடித்துக்கொண்டார், முப்பத்தொரு வருஷத்தில் முதல்முறையாகப் பின்னால் கட்டிய கையை அவிழ்த்து. தீபாயன் கப்பலின் சுக்கானியை நினைத்தார், நதிக்கே முதல் தடவை வந்தவன், வாக்குமூலம் ஒரே வரி, 'சொன்னதைச் செய்தேன்', அதன் ஓரத்தில் இவரே சிவப்பு மையில் 'முன்மாதிரி' என்று எழுதியிருந்தார். நம்மைப் போலவே தப்புச் சொன்ன பையனுக்கு, பாவம், விதிப்படி நடக்கும் சுக்கானி வாய்த்துவிட்டான்… அவ்வளவுதானா? அவனுக்கும் நமக்கும் நடுவில் இருந்தது அவ்வளவுதானா? அறிக்கையைக் கிழித்துவிடலாம், ஆனால் ஏன் என்று குழு கேட்கும், கேட்டால் இந்த வளைவைச் சொல்ல வேண்டும், சொன்னால் தோளில் பட்டை இருக்காது. சொல்லாவிட்டால் இருக்கும், தீபாயன் நதியில் இருக்க மாட்டான். மணி பதினொன்று இருபது. கையெழுத்துப் போடுவதா, கிழிப்பதா, போடுவதா… எஞ்சின் அதிர்வில் எதுவும் தெளிவாகக் கேட்கவில்லை. தான் எந்தப் பக்கம் சாய்ந்து நிற்கிறோம் என்பது அவருக்குக் கொஞ்சம் தாமதமாகத்தான் தெரிந்தது: மொஃபிஸ் மியான் வாயைத் திறக்கப்போகிறானா என்று, காதைக் கொடுத்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தார்.