கீழேயிருந்து வரும் குரல்

நாடக அரங்கில் சுவர் அளவு பெரிய ஓவியத் திரை ஒன்று சத்தமே இல்லாமல் மேலே போய் மறைவதைப் பார்த்திருப்பீர்கள். எந்திரம் இழுக்கிறது என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். பல அரங்குகளில் ஒரே ஓர் ஆள் இழுக்கிறார், அதுவும் வெறும் கையால். சூட்சுமம் எளிது. திரை ஒரு நீளக் குழாயில் தொங்குகிறது. குழாயைத் தாங்கும் வடங்கள் கூரைக்குப் போய், உருளைகளில் ஏறி, பக்கச் சுவரோரமாக இறங்கி, ஓர் இரும்புக் கூண்டில் முடிகின்றன. திரையின் எடைக்குச் சமமாக அந்தக் கூண்டில் இரும்புக் கட்டைகளை அடுக்கிவிட்டால் இரண்டு பக்கமும் ஒன்றையொன்று தாங்கிக்கொள்ளும். அதற்குப் பிறகு கூண்டோடு கட்டிய கயிற்றை இழுப்பவருக்குப் பலமே தேவையில்லை. சமமாக நிற்கும் இரண்டையும் லேசாக நகர்த்திவிட்டால் போதும்.

இதில் ஒரு சங்கடம் உண்டு. திரை தரையில் இருக்கும்போது கூண்டு கூரைக்குப் பக்கத்தில் இருக்கும். ஆகவே கட்டைகளை ஏற்றும் வேலைக்கு இரண்டு பேர் வேண்டும். ஒருவர் கீழே நின்று திரையைக் குழாயில் கட்டி, கயிறு நகராமல் பிடிக்கும் பூட்டைப் பார்த்துக்கொள்ள வேண்டும். இன்னொருவர் உச்சியில் உள்ள இரும்புப் பாலத்தில் நின்று கட்டைகளை வைக்க வேண்டும். நடுவில் திரைகளும் விளக்குகளும் மறைப்பதால் ஒருவரையொருவர் பார்க்க முடியாது. குரல் மட்டும்தான். கீழே இருப்பவர் எண்ணைச் சொல்வார், மேலே இருப்பவர் அதைத் திருப்பிச் சொல்லிவிட்டு வைப்பார்.

ஓர் அரங்கில் அந்தப் பாலத்தில் நின்றவளுக்குப் பதினேழு வயது. மதியம் கல்லூரி முடிந்ததும் வருவாள். பேச்சில் இனிப்பே கிடையாது என்பதால் எல்லோரும் அவளைப் பாகற்காய் என்றார்கள். அந்த வேலையை அவள் கேட்டு வாங்கியதற்குக் காரணமே அங்கே வேறு யாரும் இல்லை என்பதுதான். மேடையில் காதலனும் காதலியும் கட்டிக்கொள்ளும்போது கீழே பார்வையாளர்கள் மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்கும். அவளுக்கு இரண்டு உச்சந்தலைகள் தெரியும். “மேலேயிருந்து பாத்தா எல்லாக் காதலனுக்கும் வழுக்கை” என்பாள். அந்த இருவரும் ஒப்பனை அறையில் முகம் கொடுத்துப் பேசுவதில்லை என்பதும் அவளுக்குத் தெரியும்.

வீட்டிலும் பார்த்தாகிவிட்டது. அப்பா ஒரு சண்டைக்குப் பிறகு பெட்டி கட்டினார், அவ்வளவுதான். அக்கா காதலித்துக் கல்யாணம் செய்துகொண்டு போய், ஒரு சண்டைக்குப் பிறகு கொண்டுபோன அதே பெட்டியோடு திரும்பி வந்தாள். இப்போது வேறு ஊரில் வேலை. அம்மாவுக்கு விமான நிலையத்தில் பயணிகளின் பெட்டிகளைக் எக்ஸ்ரே படத்தில் பார்க்கும் வேலை. “உள்ள என்ன இருக்குன்னு யாரும் உண்மையைச் சொல்றதில்லடி” என்பாள் அம்மா. அந்த வீட்டில் ஒரு விதி உருவாகியிருந்தது, யாரும் வாய்விட்டுச் சொல்லாத விதி: கோபம் வந்துவிட்டால் ஆள் போய்விடுவார். ஆகவே போவதானால் முதலில் போய்விட வேண்டும்.

கீழே கயிற்றைப் பார்த்துக்கொண்டவன் அவளைவிட ஒரு வயது பெரியவன். வாய் ஓயாததால் ரேடியோ. போன வாரம் கட்டைகள் எல்லாம் வைத்து முடித்த பிறகு கீழேயிருந்து அவன் குரல் வந்தது.

“பாகற்காய், எனக்கு உன்னைப் பிடிச்சிருக்கு.”

அவள் மீந்த கட்டைகளை மறுபடி எண்ணினாள்.

“இதைத் திருப்பிச் சொல்லணும்னு கட்டாயம் இல்ல” என்றான். “யோசிச்சு மெதுவா சொல்லு.”

அவள் யோசித்தாள். அவன் சொன்னது பொய் என்று நிரூபிக்க என்ன வழி என்று யோசித்தாள்.

அவளுக்கு ஒரு பழக்கம் இருந்தது. அவன் எண்ணைச் சொன்னால், ஏணியில் இறங்கி வந்து திரையைத் தானே தடவிப் பார்த்துவிட்டு மறுபடி ஏறுவாள். மேடைப் பொறுப்பை ஏற்றிருந்த, எல்லோரும் அக்கா என்று கூப்பிடும் பெண்ணுக்கு இந்த வாரம் ஒரு நாள் பொறுமை போய்விட்டது.

“ஏம்மா, ஒவ்வொரு தடவையும் நீ இறங்கி வந்து முகூர்த்தம் பாத்துட்டுப் போனா நாடகம் அடுத்த வருஷம்தான். மேலயே நில்லு.”

காடு வரைந்த திரையைத் தூக்கும் முறை வந்தது. அந்த வாரம் அதற்கு மறுபடி சாயம் பூசியிருந்தார்கள். சாயம் காய்ந்தாலும் துணியில் கனம் தங்கும். அது அவளுக்குத் தெரியும்.

“காடு கட்டியாச்சு. ஆறு கட்டை” என்றான் அவன்.

போன வாரமும் ஆறுதான். புதுச் சாயத்தை மறந்துவிட்டு, பேசுகிற சுவாரசியத்தில் பழைய எண்ணையே சொல்கிறான் என்று அவள் நினைத்தாள். கேட்டிருந்தால் சொல்லியிருப்பான். கேட்பதென்றால் வருகிற பதிலை நம்ப வேண்டும்.

“ஆறு” என்றது வாய். கை பத்து வைத்தது.

பூட்டைத் திறக்கும் முன் கயிற்றைக் கையால் முறுக்கிப் பார்ப்பது முறை. எந்தப் பக்கம் கனம் என்று கயிறே காட்டிக்கொடுத்துவிடும். அவன் அன்று பார்க்கவில்லை. பூட்டைத் திறந்தான். கூண்டு இறங்கத் தொடங்கியது, முதலில் மெதுவாக, பிறகு வேகமாக. விழும் எடை ஒவ்வொரு கணமும் கூடுதல் வேகம் பிடிக்கும் என்பதால் இப்படி ஓடும் கயிற்றைப் பிடித்து நிறுத்த யாராலும் ஆகாது. அவன் பிடித்தான். உள்ளங்கை தீய்ந்தது. உடனே விட்டுவிட்டு, “எல்லாரும் விலகுங்க!” என்று அலறினான். காடு முழுவதும் மேலே பறந்து கூரையில் மோதியது. கூண்டு தரையில் இடித்த அதிர்ச்சி பாலத்தில் அவள் கால் வரை வந்தது.

யாருக்கும் அடி இல்லை. அவள் இறங்கி வந்தபோது அவன் தண்ணீர்க் குழாயடியில் கையை நீட்டி நின்றிருந்தான்.

“எத்தனை வச்சே?”

“பத்து.”

“ஆறுன்னுதானே சொன்னே?”

“சாயம் பூசினது உனக்கு மறந்துடுச்சுன்னு...”

“மறக்கல. தச்சர் திரையோட பழைய மரச் சட்டத்தைக் கழட்டிட்டு லேசான சட்டம் போட்டார். சாயம் கூடுச்சு, சட்டம் குறைஞ்சுது. காலையில எடை போட்டுப் பாத்தோம்.” அவன் குழாயை மூடினான். “உன் குரல் வந்துச்சுன்னுதான் நான் கயித்தை முறுக்கிப் பாக்கல. எனக்கு உன் மேல ரொம்பக் கோபம்.”

மேடை அக்கா இருவரையும் திட்டினாள். முறுக்கிப் பார்க்காததற்கு அவனுக்கு ஒரு பங்கு, பொய் சொன்னதற்கு இவளுக்கு மூன்று பங்கு. பிறகு அவனை மருந்துக் கடைக்கும் இவளை வீட்டுக்கும் அனுப்பினாள்.

வீட்டில் யாரும் இல்லை. அம்மாவுக்கு மாலை நேர வேலை. குளிர்சாதனப் பெட்டி உறுமி உறுமி நின்றது. நின்ற பிறகுதான் அதுவரை உறுமியது தெரிந்தது. சமையல் மேடையில் நின்றபடியே எதையோ சாப்பிட்டாள். எதிர் வீட்டு ஜன்னலில் ஒருவர் சட்டைகளை மடித்து, அடுக்கி, விளக்கை அணைத்தார். கோபம் என்று அவனே வாயால் சொல்லிவிட்டான். அடுத்தது என்னவென்று அவளுக்கு மனப்பாடம். வேறு ஆள் வேண்டும் என்று மேடை அக்காவிடம் கேட்பான், இந்நேரம் கேட்டிருப்பான். அவர்கள் சொல்லி அனுப்புவதற்குள் வேலைக்குத் தந்த கையுறையையும் தலைக்கவசத்தையும் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். முடிவெடுத்ததும் நிம்மதி வரும் என்று காத்திருந்தாள். வரவில்லை.

மறுநாள் மதியம் அவற்றைப் பையில் போட்டுக்கொண்டு போனாள். அவன் கயிற்றடியில் நின்றிருந்தான், கையில் கட்டோடு.

“லேட்டு” என்றான்.

“இன்னும் கோபமா?”

“பின்ன? கையில தோல் உரிஞ்சிருக்கு. கோபப்படாம இருக்க நான் என்ன சாமியாரா?”

“நீ வேற ஆளைக் கேட்டிருப்பேன்னு நெனச்சேன்.”

“எதுக்கு?”

“கோபம்னு சொன்னியே.”

அவன் புரியாமல் பார்த்தான். “கோபம் உன் மேல. அதுக்கு வேற ஆள் வந்து என்ன பண்ணப் போறாங்க? மேல ஏறு, அக்கா வந்தா மறுபடி ஆரம்பிச்சுடுவாங்க.”

அவள் ஏறினாள். பாலம் எப்போதும்போல இருட்டாக, இரும்பு வாடையோடு இருந்தது. கீழேயிருந்து குரல் வந்தது. நகைச்சுவை இல்லாத, உப்புச் சப்பில்லாத குரல்.

“காடு. ஆறு.”

கை ஏழாவது கட்டையின் பக்கம் போனது. அவள் கையை இழுத்துக்கொண்டாள்.

“புதுச் சட்டத்தையும் சேத்துத்தானே?”

“ஆமா. சேத்து.”

“ஆறு” என்றாள். ஆறு வைத்தாள்.

“இரு, முறுக்கிப் பாக்கறேன். உன்னை நம்பாம இல்ல, அதான் முறை.” கயிறு லேசாகக் கிறீச்சிட்டது. “சமமா இருக்கு.”

காடு மெல்ல மேலே வந்தது.

இடைவேளையில் அரங்கின் பின்புறப் படியில் இருவரும் உட்கார்ந்து பன் தின்றார்கள். ரேடியோ பேசவில்லை. அது அவளுக்குத் தாங்க முடியாததாக இருந்தது. இப்படி ஒரு மௌனத்தில் அவள் இதுவரை ஒரு முறைகூட முழுதாக உட்கார்ந்ததில்லை. எதிரில் இருப்பவர் எழுவதற்குள் தான் எழுந்துவிடுவாள்.

“எனக்கும் உன்னைப் பிடிச்சிருக்கு” என்றாள்.

அவன் வாய் நிறைய பன். மென்று விழுங்க நேரமாயிற்று. “இப்பவா சொல்லுவாங்க? நான் கோபமா இருக்கேன்ல?”

“இருந்துக்கோ.”

“இன்னைக்கு முழுக்க இருப்பேன்.”

“சரி.”

“நாளைக்கும் கொஞ்சம் மிச்சம் இருக்கும்.”

“சரிங்கறேன்ல.”

அவன் சிரிப்பு வந்துவிடாமல் முகத்தைத் திருப்பிக்கொண்டான். பிறகு எழுந்து, கால்சட்டையைத் தட்டிவிட்டு, “பன் தொண்டையில நிக்குது, தண்ணி குடிச்சுட்டு வர்றேன்” என்று உள்ளே போனான்.

அவன் செருப்புச் சத்தம் நடைவழியில் தேய்ந்து நின்றது. தெருவில் ஒரு வண்டி பின்னோக்கி வந்து சரக்கை இறக்கிவிட்டுப் போயிற்று. படியில் வெயில் நகர்ந்து அவள் முழங்கால் வரை வந்தது. தண்ணீர் குடிக்க இவ்வளவு நேரமா என்று தோன்றியது. எழுந்து எட்டிப் பார்க்கலாம் என்றும் தோன்றியது. பாதி பன்னை மடியில் வைத்துக்கொண்டு அவள் அங்கேயே உட்கார்ந்திருந்தாள்.