தடைக்காலம் முடிவதற்குள்

ஜாய்சனை அடிக்கக் கை ஓங்கினேன். அடிக்கவில்லை. ஒன்று வைத்திருக்க வேண்டும் என்று இப்போதும் தோன்றுகிறது.

கல்லூரி முடித்த கையோடு, ஏழு வருடங்களுக்கு முன், நானும் அவனும் தொடங்கியது ஓர் இயங்குதளம், அதாவது கணினியை ஓட்டும் அடிப்படை நிரல். யார் வேண்டுமானாலும் இலவசமாக எடுத்துக்கொள்ளலாம், யார் வேண்டுமானாலும் எழுதித் தரலாம். அதன் மையப்பகுதி, கெர்னல் என்பார்கள், மிகச் சிறியது. திரை, ஜி.பி.எஸ்., வயர்லெஸ் எல்லாம் அதற்கு வெளியே தனித்தனி நிரல்களாக ஓடும். ஒன்று விழுந்தால் அது மட்டும் எழுந்து வரும், மற்றவை நிற்காது. படகில் ஒருவனுக்கு வாந்தி வந்தால் படகையா திருப்புகிறோம்?

படகு என்று சும்மா சொல்லவில்லை. என் அண்ணன் இனிகோவின் விசைப்படகில், கடையில் வாங்கி மாட்டிய வழிகாட்டும் பெட்டி இரண்டு முறை நடுக்கடலில் ஹேங் ஆகி நின்றது. கெட்டது திரை மட்டும்தான்; கூடவே ஜி.பி.எஸ்.ஸும் வயர்லெஸ்ஸும் செத்தன. குத்துமதிப்பாகக் கரை பிடித்து வந்தான். "நான் நல்ல பெட்டி செஞ்சு தாரேண்ணே" என்று வாக்குக் கொடுத்தவள் நான்; எங்கள் இயங்குதளம் ஓடவேண்டியது அந்தப் பெட்டியில்தான்.

படகில் புதிதாக எதையும் மாட்டுவது மீன்பிடித் தடைக்காலத்தில்தான். ஏப்ரல் பதினைந்திலிருந்து ஜூன் பதினான்கு வரை. எஞ்சினைப் பிரிப்பதும் பெயின்ட் அடிப்பதும் அப்போதுதான். ஓடுகிற படகில் புதுச் சாமானைச் சோதித்துப் பார்க்க எந்த உரிமையாளரும் விடமாட்டார். ஆகவே தவறினால் ஒரு வருடம் போச்சு. இரண்டு தடவை தவறவிட்டோம். இது மூன்றாவது.

காரணம் ஒன்றுதான். ஜாய்சனுக்கு எதிலும் திருப்தி கிடையாது. நிரல்கள் தங்களுக்குள் செய்தி அனுப்பும் முறையை மூன்று தடவை புதிதாக எழுதினான். ஒவ்வொரு தடவையும் மற்றவர்கள் எழுதியதெல்லாம் உடைந்தது. பதினெட்டுப் பேர் இருந்த இடத்தில் நாலு பேர் மிஞ்சினோம். யாரும் சண்டை போடவில்லை. பதில் எழுதுவதை நிறுத்திக்கொண்டார்கள், அவ்வளவுதான். மிஞ்சியவர்களில் ஒருவர் விளாத்திகுளத்துத் தங்கதுரை, விடவே இல்லை. பள்ளிக்கூட வாத்தியார், பிள்ளைகளோடு கத்திவிட்டு வந்து வயர்லெஸ்ஸுக்கு நிரல் எழுதியவர். பதினோரு மாதம் அதை ஜாய்சன் திறந்துகூடப் பார்க்கவில்லை. பிறகு, தன் மூன்றாவது செய்தி முறைக்கு ஏற்ப மாற்றி எழுதச் சொன்னான். மனுஷன் அதையும் எழுதினார்.

"இந்தத் தடைக்காலம் முடியுற வரைக்கும் கெர்னல்ல கை வைக்க மாட்டேன்" என்று ஜாய்சன் சத்தியம் செய்திருந்தான். ஜூன் பத்தாம் தேதி காலையில் பார்க்கிறேன், கை வைத்திருக்கிறான். செய்தி முறையை நான்காவது தடவையாக மாற்றியிருக்கிறான்! வயர்லெஸ் நின்றுபோனது. வெண்ணெய் திரண்டு வரும்போது தாழியை உடைத்துவிட்டான், பாவி. பழைய பிரதி என்னிடமும் இருந்தது; ஆனால் அவன் மின்கையொப்பம் இல்லாத எதையும் பெட்டி ஏற்காது, பழையதற்குத் திருப்பும் உரிமையும் அவனிடம் மட்டும்தான் இருந்தது.

பஸ் பிடித்து முத்தையாபுரத்தில் அவன் வீட்டுக்குப் போனேன்.

"இப்பதாம்ளா சுத்தமா இருக்கு. நீயே வாசிச்சுப் பாரேன்" என்று சிரித்தான்.

"ஏலே, அழகு பாக்கவா கேட்டோம்? அஞ்சு நாள்ல படகு கடலுக்குப் போவுது. பழசுக்கே திருப்பு!"

"அந்தக் குப்பைக்கா? முடியாது. ஒரே மாசம் தா. இனிகோ அண்ணன்ட்ட நான் சொல்லுதேன்."

"என்னன்னு சொல்லுவ? மீனை ஒரு மாசம் நிக்கச் சொல்லுவியா?"

அப்போதுதான் கை ஓங்கினேன். அவன் அம்மா அல்போன்சா காப்பியோடு வந்ததால் இறக்கினேன். அந்தக் காப்பியையும் குடித்துவிட்டுத்தான் வந்தேன், வெட்கங்கெட்டவள்.

பதினான்காம் தேதி இனிகோ கடைக்குப் போய், முன்பு ஹேங் ஆன அதே ரகப் பெட்டியில் புதிது ஒன்று வாங்கி மாட்டினான். "விடுளா, உனக்கும் ஆயிரம் வேலை இருக்கும்லா" என்றான். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். மறுநாள் விடிகாலையில் படகு போய்விட்டது.

அன்று மத்தியானம் தங்கதுரைக்குப் போன் போட்டேன். அவரும் வயிறெரிந்து கிடப்பார், சேர்ந்து திட்டலாம் என்று. பத்து நிமிடம் நானே திட்டினேன்.

"நான் விலகிட்டேம்மா" என்றார் கடைசியில். "ஆனா ஜாய்சன் மேல எனக்குக் கோவம் இல்ல. அவன் ஒருநாளும் என்னைப் பொறுக்கச் சொல்லல. இருந்தா இரு, போனா போன்னுதான் இருந்தான். 'பொறுங்க சார், இந்த வாரம் பாத்துருவான் சார்'னு ஒவ்வொரு தடவையும் எழுதுனது நீங்கதானம்மா?"

ஆமாம், நான்தான். விலகிப்போன மற்றவர்களுக்கும் அதையேதான் எழுதியிருந்தேன்.