மீனுக்கு வாங்கிய எலுமிச்சம்பழம்

மனைவியை இறக்கிய குழிக்குள் மண் விழுந்துகொண்டிருந்தபோது லிஃப்ட் மெக்கானிக்கின் கை தானாகச் சட்டைப்பைக்குப் போனது. போன் அங்கே இல்லை. காலையிலேயே அதை மகளிடம் கொடுத்துவிட்டார். கைக்கு அது தெரியவில்லை. மதியச் சாப்பாடு முடிந்து, தேநீர் வருவதற்குக் கொஞ்சம் முன்னால், தினமும் இதே நேரத்தில்தான் அவள் கூப்பிடுவாள்.

பக்கத்தில் நின்ற ஒயர் அதைப் பார்த்துவிட்டான். ரொம்ப வருஷமாக அவரோடு வேலை பார்க்கிறவன். ஒல்லியாக இருப்பதால் அந்தப் பெயர். பார்த்ததைக் காட்டிக்கொள்ளாமல் செருப்பில் ஒட்டிய மண்ணைத் தட்டினான்.

"இந்த வெயில்ல அவ எதுக்கு வெளிய போனா?" என்றார் மச்சான்.

மனைவியின் அண்ணன். பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவர். கடைசி சீட்டில் கத்திக்கொண்டிருக்கும் பிள்ளைக்கும் கேட்க வேண்டும் என்று பேசிப் பேசி, குரல் அப்படியே ஆகிவிட்டது. மெதுவாகப் பேசுவதாக நினைத்துக்கொண்டு அவர் கேட்டது குழிக்கு அந்தப் பக்கம் இருந்தவர்களுக்கும் கேட்டது.

"டாக்டர் படிச்சுப் படிச்சு சொன்னாரு, வெயில்ல அலையாதேன்னு. அப்படி என்ன தலைபோற காரியம்?"

நேற்று சாயங்காலத்திலிருந்து வந்தவர்களிடமெல்லாம் இதையே கேட்டுக்கொண்டிருந்தார். யாருக்கும் பதில் தெரியவில்லை. தெரிந்தவர் ஒருவர்தான். அவர் வாயைத் திறக்கவில்லை.

லிஃப்ட் ஓடும் கூண்டுப் பாதைக்குள் போன் எடுக்காது. அதனால் அந்த நேரம் வந்ததும், கையில் என்ன வேலை இருந்தாலும் போட்டுவிட்டு, மெக்கானிக் மொட்டைமாடியில் இருக்கும் மோட்டார் அறைக்கு ஏறிவிடுவார். அங்கேதான் சிக்னல் நன்றாகக் கிடைக்கும். "அண்ணன் மந்திரிசபை கூட்டத்துக்குப் போறாரு" என்று கீழேயிருந்து யாராவது கத்துவார்கள். கூட்டத்தில் பேசப்படும் விஷயம் ஒன்றே ஒன்றுதான்.

"என்னங்க, ராத்திரிக்கு என்ன பண்றது?"

"உன் இஷ்டம்."

"எப்பப் பாத்தாலும் இதே பதில். வாய்ல என்ன கொழுக்கட்டையா வச்சிருக்கீங்க? ஒண்ணு சொன்னாத்தான் என்ன?"

"எது பண்ணாலும் சாப்பிடப்போறேன். உன் இஷ்டம்."

அவ்வளவுதான். பிறகு அவள் மாடி வீட்டுக்காரர் குழாயை மூடாமல் போனதைச் சொல்வாள், கீழ்வீட்டுத் தையல்காரம்மா யாருக்கோ ரவிக்கையைச் சின்னதாகத் தைத்து மாட்டிக்கொண்டதைச் சொல்வாள். இவர் ம் போடுவார். தேநீர் வந்ததும் போனை வைத்துவிடுவார். கல்யாணமான புதிதில் அவர் வேலை பார்க்கும் இடத்துக்குப் பக்கத்துக் கடைக்குப் போன் செய்து, அவரைக் கூப்பிடச் சொல்லிக் கேட்டுக்கொண்டிருந்தாள். இரவு வீட்டுக்கு வந்தால் தட்டில் ஏதோ ஒன்று இருக்கும், அது நன்றாகவும் இருக்கும்.

நேற்று ஒயர் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கவில்லை. "ஒருநாளாவது ஏதாவது சொல்லுங்கண்ணே. அண்ணி பாவம், செவுத்துக்கிட்ட பேசற மாதிரி பேசுது" என்றான். கூட இருந்தவர்கள் சிரித்தார்கள். மெக்கானிக்குக்கு ரோஷம் வந்துவிட்டது. மேலே ஏறிப் போய், அவள் கேட்டு முடிப்பதற்குள், "மீன் பண்ணு" என்றார்.

அந்தப் பக்கம் சத்தமே இல்லை. இணைப்பு அறுந்துவிட்டது என்று நினைத்தார்.

"மீனா? இன்னிக்கா?"

"ஏன், சொன்னாலும் தப்பா?"

"ஐயோ, தப்புன்னு யார் சொன்னா? பாருடா, வாயைத் திறந்துட்டாரு!" சிரித்தாள். "சரி, பாக்கறேன்."

அதற்குப் பிறகு போன் செய்தது தையல்காரம்மா. கேட் பக்கத்தில் விழுந்துவிட்டாள், ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகிறோம், உடனே வாருங்கள் என்று. இவர் போய்ச் சேர்ந்தபோது முகத்தை மூடியிருந்தார்கள்.

மீன் என்ற அந்த ஒரு சொல் நேற்றிலிருந்து அவருக்குள் கிடந்து அறுத்தது. இத்தனை வருஷம் உன் இஷ்டம் என்று சொன்னபோதெல்லாம் அவள் நன்றாகத்தான் இருந்தாள். ஒருநாள் வாயைத் திறந்தார், அனுப்பிவைத்துவிட்டார். அவள் போகும்போது விழுந்தாளா, வாங்கிக்கொண்டு வரும்போது விழுந்தாளா என்று யாரையும் கேட்க அவருக்குத் தைரியம் வரவில்லை.

வீட்டுக்குத் திரும்பியதும் ஒவ்வொருவராகக் கிளம்பினார்கள். ஒயர் வாசலில் நின்று அவர் கையைப் பிடித்துக்கொண்டு ஏதோ சொல்ல வந்தான். பிறகு, "ஷிஃப்டை நான் பாத்துக்கறேண்ணே" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனான். மகள் குளிக்கப் போனாள். வெளியூரில் ஒரு அச்சகத்தில் பிழை திருத்துகிறவள். செய்தி கேட்டு இரவெல்லாம் பஸ்ஸில் உட்கார்ந்து வந்தவள், இதுவரை உடை மாற்றக்கூட நேரமில்லாமல் இருந்தாள்.

மச்சான் சமையலறை வாசலில் வந்து நின்றார். அவருக்குச் சும்மா இருக்கத் தெரியாது. ஸ்டவ்வைத் திறந்து மூடினார், ஒரு டப்பாவை எடுத்துக் குலுக்கிப் பார்த்தார்.

"அப்புறம் மாப்ளே, ராத்திரிக்கு என்ன பண்றது?"

மெக்கானிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்.

"வெளிய வாங்கிட்டு வரட்டுமா? புள்ள காலையிலேருந்து பச்சைத் தண்ணி பல்லுல படாம கிடக்கு. என்ன வேணும்னு சொல்லுங்க, வாங்கிட்டு வரேன்."

"நான்தான் மீன் பண்ணச் சொன்னேன்" என்றார் மெக்கானிக்.

"என்னது?"

"எதுக்கு வெளிய போனா, எதுக்கு வெளிய போனான்னு கேட்டுக்கிட்டே இருக்கீங்களே. நான்தான் அனுப்பினேன். மீன் வேணும்னு கேட்டேன். அதை வாங்கத்தான் போனா."

மச்சான் கையிலிருந்த டப்பாவை மேடையில் வைத்தார். குளியலறையில் தண்ணீர் விழும் ஓசை மட்டும் கேட்டது.

அப்போதுதான் தையல்காரம்மா உள்ளே வந்தார். கழுத்தில் அளவு நாடா தொங்கியது. வேலையை விட்டு எழுந்து வந்தால் அதைக் கழற்ற அவருக்கு நினைவிருப்பதில்லை. கையில் மனைவியின் துணிப்பை. மெக்கானிக் எழுந்துவிட்டார். ஒரு நாள் முழுக்க வெளியே இருந்த மீன். மூச்சை அடக்கிக்கொண்டார்.

"ஆஸ்பத்திரியில என் கையில குடுத்தாங்க அண்ணே. கூட்டத்துல தர மனசு வரல. அப்புறம், நேத்து வீட்டைப் பூட்டறப்ப மேடையில கொண்டைக்கடலை ஊறிக்கிட்டு இருந்துச்சு. புளிச்சுடுமேன்னு பிரிட்ஜுக்குள்ள வச்சேன். நல்லாத்தான் இருக்கும், பாருங்க."

"கொண்டைக்கடலையா?" என்றார் மச்சான். "மீன் வாங்கத்தானே போனா?"

"மீனா? மீன் கடையில நான்ல நின்னுக்கிட்டிருந்தேன்! என்னைப் பாத்துக் கையாட்டிட்டு, நேரா காய்கறிக்காரர்கிட்ட போனாங்க. திரும்பி வர்றப்பவும் என்னைத் தாண்டித்தான் வந்தாங்க. வாங்கலையாக்கான்னு கேட்டேன். நாளைக்குத்தான், இன்னிக்கு வீட்ல ஊறப்போட்டாச்சுன்னாங்க. அப்புறம் நம்ம கேட் பக்கத்துல…"

முடிக்காமல் பையை மேடையில் கவிழ்த்தார். நான்கைந்து எலுமிச்சம்பழங்கள் உருண்டன. வாடிப்போன ஒரு கொத்தமல்லிக் கட்டு விழுந்தது. வேறு எதுவும் இல்லை.

மெக்கானிக் பிரிட்ஜைத் திறந்து பாத்திரத்தை எடுத்தார். கடலை நன்றாக ஊறிப் பெருத்திருந்தது. மனைவி கொண்டைக்கடலையை வேகவைத்து, வெங்காயமும் கொத்தமல்லியும் நறுக்கிப் போட்டு, எலுமிச்சம்பழம் பிழிவாள். அது அவருக்குத் தெரியும். இவ்வளவு ஊற வேண்டுமென்றால் நேற்றுக் காலையிலேயே தண்ணீரில் போட்டிருக்க வேண்டும். அதுவும் தெரியும். அப்படியானால் அவர் மோட்டார் அறைக்கு ஏறி மீன் என்று சொன்னபோது இங்கே கடலை பாதி ஊறிவிட்டிருந்தது.

மூச்சு முழுதாக உள்ளே போனது. நேற்றிலிருந்து அது அப்படிப் போகவில்லை. அவர் சொன்னதை அவள் கேட்கவே இல்லை. மீனுக்காக அவள் போகவில்லை. ஒரு கையால் மேடையைப் பிடித்துக்கொண்டார். சந்தோஷம் என்றுகூட அதைச் சொல்லலாம். வெட்கமில்லாமல் வந்தது. அதன் பின்னாலேயே கோபமும் வந்தது.

"அப்போ எதுக்குடி கேட்ட?" என்றார், பாத்திரத்தைப் பார்த்து. "தினமும் எதுக்குடி போன் பண்ணிக் கேட்ட?"

தையல்காரம்மா முந்தானையால் வாயை மூடிக்கொண்டார். மச்சான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

தண்ணீர் ஓசை நின்றது. தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு மகள் வந்தாள். அப்பாவின் கையிலிருந்த பாத்திரத்தை எட்டிப் பார்த்தாள்.

"ஐயோ, ஊறப்போட்டுட்டாளா?" சிரிக்கப் பார்த்தாள், முடியவில்லை. "நான்தாம்ப்பா சொன்னேன். முந்தாநாள் போன்ல, நாளைக்கு ராத்திரிக்கு என்ன பண்ணட்டும்னு கேட்டா. எப்பவும் கேப்பா. அங்க உக்காந்துக்கிட்டு நான் என்ன சொல்றது? எனக்கு எது திங்கணும்னு தோணுதோ அதைச் சொல்லுவேன். கொண்டைக்கடலைன்னேன்."

ஆக, இத்தனை நாளும் வெளியூரில் இருக்கும் மகளுக்குப் பசித்ததைத்தான் அவர் இங்கே உட்கார்ந்து சாப்பிட்டிருக்கிறார். மெக்கானிக்குக்கு அது புதிய செய்தி. அதை நினைத்துப் பார்க்க நேரம் கிடைக்கவில்லை. மகளின் கண் மேடையில் கிடந்த எலுமிச்சம்பழத்துக்குப் போயிருந்தது. பிறகு கொத்தமல்லிக்கு. பிறகு துணிப்பைக்கு. பிழை தேடும் கண், எதையும் விடாது.

"இதை வாங்கவா வெளிய போனா?" என்றாள். குரல் இறங்கிவிட்டது. "அப்பா… நான் சொன்னதுக்காகவா?"

அவள் முகம் போன போக்கை அவர் பார்த்தார். அந்த முகத்தோடுதான் அவர் நேற்று ஆஸ்பத்திரிப் படியில் உட்கார்ந்திருந்தார்.

"ஏய், அது மீனுக்கு" என்றார்.

"என்ன மீன்?"

"நான் கேட்டேன். மத்தியானம் போன் பண்ணினா. மீன் பண்ணுன்னேன். மீனுக்கு எலுமிச்சம்பழம் வேணாமா? அதை வாங்கிட்டு மீன் கடைக்கு வந்திருப்பா, மீன் சரியில்லாம திரும்பியிருப்பா. கடலையெல்லாம் அவ கணக்குலயே இல்ல. அதை நாளைக்குன்னு வச்சிருப்பா."

மகள் அவரைப் பார்த்தாள். நம்பவும் முடியாமல், நம்பாமல் இருக்கவும் முடியாமல் நின்றாள். தையல்காரம்மாவைத் திரும்பிப் பார்த்தாள். அந்தம்மா கழுத்திலிருந்த அளவு நாடாவை எடுத்து விரலில் சுற்ற ஆரம்பித்தார். சுற்றுவதிலேயே கண்ணாக இருந்தார்.

"அறிவிருக்காய்யா உனக்கு?" என்று, அவள் முகத்தை ஒருமுறை பார்த்துவிட்டு, மச்சான் கத்தினார். வேன் குரல். சமையலறைப் பாத்திரமெல்லாம் அதிர்ந்தது. "டாக்டர் அவ்வளவு சொல்லியும், கொளுத்தற வெயில்ல உன் நாக்குக்கு மீன் கேக்குதா? ஒருநாள் மீன் திங்கலன்னா செத்தா போயிடுவே? பொண்டாட்டியைத் தெருவுல அலையவிட்டுட்டு வந்து நிக்கறான் பாரு!"

இத்தனை வருஷத்தில் மச்சான் அவரை ஒருமையில் பேசியதில்லை. மெக்கானிக் தலையைக் குனிந்து எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டார்.

"மாமா, போதும் விடுங்க" என்று மகள் குறுக்கே வந்தாள். "அப்பாவுக்கு என்ன தெரியும்? எப்பவாவது ஒருநாள் கேட்டிருக்கார். விடுங்க."

மச்சான் விட்டார். மூச்சு வாங்கியது அவருக்கு. ஜன்னல் பக்கம் போய் மூக்கைச் சிந்தினார்.

தையல்காரம்மா பாத்திரத்தை மெக்கானிக்கின் கையிலிருந்து மெதுவாக வாங்கினார். கடலையை அலசிக் குக்கரில் போட்டு, உப்புப் போட்டு, அடுப்பில் ஏற்றிவிட்டுத்தான் வீட்டுக்குப் போனார். எத்தனை விசில் என்று சொல்ல மறந்துவிட்டார். மூன்று பேரும் குக்கரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். மகளுக்குப் போதும் என்று தோன்றியபோது அணைத்தாள்.

கடலை சரியாக வேகவில்லை. வெங்காயம் நறுக்கிப் போட்டிருந்தாள். தட்டோடு கூடத்தில் உட்கார்ந்து மென்றார்கள். வறண்டு தொண்டையில் நின்றது. மச்சான் பழக்கதோஷத்தில் மேடைப் பக்கம் கையை நீட்டி, "கொஞ்சம் எலுமிச்ச…" என்று ஆரம்பித்தார். அப்படியே கையை மடக்கித் தண்ணீர்ச் செம்பை எடுத்துக்கொண்டார். தட்டில் இருந்ததை மிச்சம் வைக்காமல் சாப்பிட்டார்கள்.

தட்டுகளை அடுக்கிக்கொண்டே மகள் கேட்டாள். "நாளைக்கு ராத்திரிக்கு என்னப்பா பண்றது?"

உன் இஷ்டம் என்ற அந்தப் பதில் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. மெக்கானிக் அதை விழுங்கினார்.

"மீன்" என்றார்.

அவள் தலையாட்டிவிட்டுத் தட்டுகளோடு உள்ளே போனாள். அவர் எழுந்து போய், மேடையில் கிடந்த எலுமிச்சம்பழங்களை ஒவ்வொன்றாகத் துடைத்துப் பிரிட்ஜில் அடுக்கினார். கேட் பக்கத்தில் அவள் விழுந்ததில் ஒன்று மட்டும் ஒரு பக்கம் நசுங்கியிருந்தது. அந்தப் பக்கம் உள்ளே போகும்படி திருப்பி வைத்துவிட்டுக் கதவைச் சாத்தினார்.