தம்பியின்ர அறைக்குப் பஞ்சு

விக்னராஜா ஒரு வேலையில் இறங்கினால் லேசில் விடுகிற ஆளில்லை. விடிந்ததிலிருந்து சீலிங்குக்கு மேலே தவழ்ந்து தவழ்ந்து குளிர் இறங்காமல் கண்ணாடிப் பஞ்சு விரித்துக்கொண்டிருந்தான். எழுபத்தேழாம் ஆண்டு ஓகஸ்ட். மெல்பேர்ன் குளிரைப் பற்றிச் சொல்லவா வேணும்! அந்தப் பலகை வீட்டில் முதல் வருசம் ஓவர்கோட்டோடு படுத்து விறைத்தவன் அவன். ஊரிலிருந்து படிக்க வருகிற தம்பி சிறிதரனுக்கு அந்தக் கோதாரி வேண்டாமாம். அவனுக்கு ஒதுக்கின பின் அறைக்கு மேலே மட்டும் இரட்டைப் பஞ்சு.

கீழே ஏணியடியில் நின்று பஞ்சு எடுத்துக் கொடுத்த மனைவி இரஞ்சிதத்துக்குக் கையெல்லாம் தூள் ஒட்டி ஒரே கடி. அப்போதுதான் போன் அடித்தது. சிட்னியிலிருந்து விக்னராஜாவின் சினேகிதன் ஆனந்தராஜா.

"தங்கச்சி, அவன் பக்கத்திலயோ நிக்கிறான்?"

"இல்லையண்ணை, சீலிங்குக்கு மேல."

பிளேன் ஏறக் கொழும்புக்குப் புறப்பட்ட சிறிதரனை, தமிழரைத் தேடித் தேடி அடித்த கலவரக்காரர் ரயிலில் வைத்து அடித்துக் கொன்றுவிட்டார்களாம். அதைச் சொல்லி முடிப்பதற்குள் ஆனந்தராஜாவின் குரல் உடைந்துபோனது.

"அடுத்ததைத் தாரும்," என்றான் விக்னராஜா மேலேயிருந்து.

அவள் கொடுத்தாள். வேறென்ன செய்வாள், பாவம்? ஒடுங்கின சட்டத்தில் முழங்காலை ஊன்றி நிற்கிறவனிடம் இதைச் சொல்ல முடியுமா? நாசமாய்ப் போவாங்கள், அந்தப் பொடியன் ஆருக்கு என்ன செய்தவன் என்று வாய்க்குள்ளேயே திட்டினாள்.

"வந்த உடன வேர்க்குதெண்டு சொல்லப்போறான் பாரும்," என்று அவன் மேலே சிரித்தான்.

அதற்கு மேல் அவளால் நிற்க முடியவில்லை. குசினிக்குப் போய் உலை வைத்தாள். சாவு தெரிந்த பிறகு தொண்டையில் ஒரு பருக்கை இறங்காது. அதனால் எங்கட சனம் முதலில் வயிறாரச் சாப்பிட வைத்துவிட்டுத்தான் வாயைத் திறக்கும்.

"இறங்கி வாங்கோ. சாப்பிட்டிட்டு மிச்சத்தைப் பாப்பம்."

"இப்பதானே பாண் சாப்பிட்டனான். காலமையில சோறே?"

"வாங்கோவன்."

கை கழுவிக் கதிரையில் இருந்தான். தட்டில் குவித்திருந்த சோற்றைப் பார்த்தான். பிறகு அவள் முகத்தைப் பார்த்தான். அவள் அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டாள். அவளுடைய தகப்பன் செத்த செய்தி வந்தபோது, இப்படித்தான் அவளை இருத்திச் சாப்பிட வைத்தவன் அவன்.

பிசைந்து சாப்பிடத் தொடங்கினான். ஒவ்வொரு வாயையும் மென்று மென்று விழுங்கினான். தட்டு வெறுமையானது.

"இஞ்சருங்கோ..." என்று அவள் தொடங்கினாள்.

அவன் அவசரமாகத் தட்டை நீட்டினான். "இன்னும் கொஞ்சம் போடும்."

போட்டாள். அதையும் தின்றான். கண்ணால் தண்ணீர் ஓடி மீசையில் இறங்கியது. அவன் துடைக்கவில்லை.

"இன்னும்."

சட்டியில் சோறு முடிந்திருந்தது.