மூடுபனியில் கலப்படம்

எங்கள் மலையில் வீடுகள் பெரணிச் செடியின் பேரில்தான் இருக்கும். வாசல் தொட்டியில் பெரணி பச்சையாக இருக்கும்வரை அதன் வீட்டில் நாம் குடியிருக்கலாம். அது காய்ந்துவிட்டால் பெரணி ஆபீசர் வருவார். பெட்டியைக் கட்டிக்கொண்டு கீழே இறங்க வேண்டியதுதான். கீழே எனக்கு அண்ணியை விட்டால் வேறு நாதியில்லை. அண்ணியைப் பற்றி நான் வாயைத் திறக்காமல் இருப்பதே நல்லது.

மலைப் பெரணிக்குத் தண்ணீர் ஊற்றினால் வேர் அழுகிவிடும். மூடுபனிதான் அதற்கு ஆகாரம். சவேரி என்பவர் விடிந்ததும் பள்ளத்தாக்கில் போய்க் கேனில் பிடித்துவந்து வீடு வீடாக ஊற்றுவார். நல்ல மூடுபனி என்றால் உள்ளே விட்ட விரல் வெளியே தெரியக் கூடாது. எனக்கு அந்த ஆள் மேல் ஆரம்பத்திலிருந்தே சந்தேகம். எந்நேரமும் சிரித்துக்கொண்டே இருப்பவரை எப்படி நம்புவது? தூக்குவாளியில் வாங்கியதும் வலது கையை மணிக்கட்டுவரை விட்டு நன்றாகத் துழாவிப் பார்த்த பிறகுதான் பெரணிக்கு ஊற்றுவேன்.

ஆடி மாதத்தில் இலை நுனி கருக ஆரம்பித்தது. வாளிக்குள் என் விரல் மங்கலாகத் தெரிந்தது. அடுப்புப் புகையைக் கலக்கிறீர்களா என்று சவேரியைத் தெருவில் நிறுத்திக் கேட்டேன். அவர் கோபப்படவில்லை.

"கேன்ல கெட்டியாத்தான் இருக்கு அக்கா. உங்க கைச்சூட்டுல கரையுது. துழாவாம ஊத்திப் பாருங்க."

கலப்படம் செய்கிறவன் வேறு என்ன சொல்வான்? அன்றிலிருந்து இரண்டு தடவை துழாவினேன். பாவம், அந்த மனுஷனை விட்டுவிடு என்றார் என் வீட்டுக்காரர் தாசையா. இவர் எதற்குப் பரிந்து பேசுகிறார் என்று இவர் மேலும் ஒரு கண் வைத்தேன்.

பெரணி காய்ந்துபோனது. அதே வாரம் என் வலது கை விரல்கள் பச்சையாகி, நுனியில் சுருள் சுருளாகத் தளிர் விட்டன. மூடுபனி முழுக்க அங்கேதான் போயிருக்கிறது. ஆபீசர் வந்து தளிரைத் திருப்பிப் பார்த்துவிட்டு வீட்டை என் கையின் பேருக்கு மாற்றினார். எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

கையைத் தொட்டியில் ஊன்றச் சொன்னார். மணிக்கட்டோடு கழன்று வந்தது; வளையலைக் கழற்றுவது போலத்தான் இருந்தது, வலியே இல்லை. ஈர மண்ணில் வைத்ததும் நிமிர்ந்து நின்றது.

"இளஞ்செடிக்கு ஒரு ஆள்தான் துணை இருக்கலாம்மா. யார் வேணும்னு அதுவே காட்டட்டும்," என்றார் ஆபீசர்.

என்னோடு கூடப் பிறந்த கை. அது கொஞ்ச நேரம்கூட யோசிக்கவில்லை. ஆள்காட்டித் தளிரை நீட்டித் தாசையாவைக் காட்டியது. எனக்கு அழுகையே வந்துவிட்டது. அவர் என் முகத்தைப் பார்க்காமல் வாளியை எடுத்து, துழாவாமல் ஊற்றினார்.

சாயங்கால பஸ்ஸில் ஏறினேன். கண்டக்டர் என் முந்தானைப் பக்கம் ஒரு தடவை பார்த்தார்.

"கை மலையிலயே தங்கிருச்சாம்மா?"

ஆமாம் என்றேன். முக்கால் டிக்கெட் கிழித்துக் கொடுத்தார்.