தட்டினால் விட வேண்டும்

பேக்கரியில் மாவு பிசைகிறவளுக்குக் கைபலத்துக்குப் பஞ்சமில்லை. பலம் இருந்து என்ன பயன்? வீட்டில் அண்ணன் கை ஓங்கினால் பத்து வருடமாகத் தலையைக் குனிந்துகொண்டுதான் நின்றாள். அதை மாற்றத்தான் மல்யுத்த வகுப்பில் சேர்ந்தாள். அண்ணனிடம் தையல் வகுப்பு என்று புளுகினாள். ஒன்றரை வருடமாகியும் ஒரு கைக்குட்டைகூட வீட்டுக்கு வரவில்லையே என்று அந்த மகாராசனுக்குத் தோன்றவும் இல்லை.

வகுப்பில் ஒரே ஒரு சட்டம்தான். பிடியில் மாட்டியவர் கையால் இரண்டு முறை தட்டினால் அந்த நொடியே விட்டுவிட வேண்டும். யோசிக்கவே கூடாது. கோச் இதை ஓயாமல் சொல்லுவார். அவளுடைய ஜோடி, கூரியர் கொண்டுபோகிற ஒரு பெண். ஒல்லியாக இருப்பதால் எல்லோருக்கும் அவள் 'குச்சி'. இருவரும் ஆயிரம் தடவையாவது ஒருவர் கழுத்தை ஒருவர் இறுக்கி, தட்டியதும் விட்டு, சிரித்துக்கொண்டே எழுந்திருப்பார்கள்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், சட்டை தேய்த்து வைக்கவில்லை என்று அண்ணன் வரிந்துகட்டிக்கொண்டு வந்தான். இந்த முறை அவள் குனியவில்லை. கை ஓங்கியதும் உள்ளே புகுந்து காலை வாரினாள். அவன் விழுந்த வேகத்தில் மேசையிலிருந்த இஸ்திரிப் பெட்டியும் கீழே விழுந்தது. முதுகுப் பக்கம் போய்க் கழுத்தில் கையைப் போட்டு இறுக்கினாள்.

"இனிமே அடிப்பியா? சொல்லு, அடிப்பியா?"

அவன் காலை உதறினான். பத்து வருடத்தில் முதல் தடவையாக அவளுக்குப் பயமில்லை.

அப்போது அவன் கை தரையில் தட்டியது. டப், டப்.

விட்டுவிட்டாள். மூளையைக் கேட்காமலே கை விட்டுவிட்டது. பாவி, அவனுக்கு ஏது வகுப்பு, ஏது சட்டம்? இஸ்திரிப் பெட்டியைத் தேடித் துழாவிய கை அது. பெட்டி அவள் மணிக்கட்டில் இறங்கியது.

குளியலறையில் வழுக்கி விழுந்துவிட்டாள் என்று ஆஸ்பத்திரியில் அண்ணனே சொன்னான். அவளும் தலையாட்டினாள். பேக்கரியில் மாவு பிசைய வேறு ஆள் வந்துவிட்டது.

கட்டுப் பிரித்து, கை தேறியதும் வகுப்புக்குப் போனாள். குச்சி ஓடிவந்து கட்டிக்கொண்டாள். "நீ இல்லாம போரடிச்சுப் போச்சுடி!"

பழைய பிடிதான். குச்சி இரண்டு முறை தட்டினாள். பிடி தளரவில்லை. தரையை, தோளை, கண்டபடி தட்டினாள். கோச் ஓடிவந்து விரல் விரலாகப் பிரித்தெடுத்தார்.

குச்சி இருமி இருமி அழுதாள். "தட்டினேன்ல? ஏண்டி விடல?"

அவள் குச்சியின் கையைப் பிடித்து விரித்துப் பார்த்தாள். வெறும் கை.

"உன் கையில என்ன இருக்குன்னு தெரியலையேடி."

அடுத்த வகுப்பில் அவளோடு ஜோடி சேர யாரும் வரவில்லை. சீக்கிரமே வீட்டுக்குப் போய் அண்ணன் சட்டைகளைத் தேய்த்து வைத்தாள்.