பூசைக்கு வந்த சிறை

ஐம்பத்து மூன்றாம் வருடம் ஆடி மாதத்திலிருந்து பூண்டிக் கோயிலின் காலைப் பூசைக்கு ஒரு மேற்றிராணியார், அதாவது பிஷப், தம்முடைய சிறையோடு வரத் தொடங்கினார். மணி அடித்ததும் இடப்பக்கச் சுவரோரம் கம்பி போட்ட அறை ஒன்று, உள்ளே குளிரில் மூக்குச் சிவந்த அவரும் வெளியே முக்காலியில் ஒரு காவலாளுமாக வந்து நிற்கும். பூசை முடிந்தால் போய்விடும். அந்த வருடம் வெள்ளைப்பூண்டு நல்ல விலைக்குப் போனதால் ஊராருக்கு ஆச்சரியப்பட நேரமில்லை. பெண்கள் பக்கம் பாய் விரிக்க இடம் குறைந்துவிட்டது என்பது மட்டுமே புகார். பங்குச்சாமியார் பிரசங்க நேரத்தில் லத்தீனில் விசாரித்ததில் விவரம் தெரிந்தது. தூர தேசத்து அரசாங்கம் ஒன்று அவரைச் சிறையில் போட்டு, பாப்பரசரை விட்டு விலகுகிறேன் என்று கையெழுத்துப் போட்டால் விடுதலை, பங்களா, கார் என்றிருக்கிறது. அவர் மாட்டேன் என்றிருக்கிறார்.

மணியடித்து, மெழுகுதிரி ஏற்றி, பூசைக்கு உதவி செய்கிற கோயில்பிள்ளை இன்னாசி இதற்கெல்லாம் அலட்டிக்கொள்ளவில்லை. சாமியார் கம்பி வழியே மேற்றிராணியாருக்கு நன்மை என்கிற திவ்ய அப்பத்தைக் கொடுக்கும்போது இன்னாசி தட்டை ஏந்துவார். அவர் மனைவி சூசையம்மாள் காவலாளுக்குக் காப்பி தருவாள். இன்னாசிக்குத் தெரிந்தது அர்த்தம் தெரியாத பூசை லத்தீன், மேற்றிராணியாருக்குத் தமிழே தெரியாது. ‘ஆண்டவர் உங்களோடு’ என்பதற்கு ‘தோமினுஸ் வோபிஸ்கும்’ என்பார் அவர், பதிலுக்கு ‘எத் கும் ஸ்பிரித்து துவோ’ என்பார் இவர். பதினான்கு வருடம் அவ்வளவுதான் பேச்சு என்பதால் மனஸ்தாபமே வரவில்லை. இடையில் இரண்டு பாப்பரசர்கள் மாறினார்கள். புதியவர் பெயர் பவுலுஸ் என்று பழைய சாமியார் மேற்றிராணியாரிடம் சொல்லிவிட்டுத்தான் மாற்றலாகிப் போனார்.

அறுபத்தேழில் புதுச்சாமியாரும், ரோமாபுரி அனுமதித்த தமிழ்ப் பூசையும் சேர்ந்தே வந்தார்கள். அதுவரை பீடத்தைப் பார்த்தே பூசை நடந்த இடத்தில் இந்தச் சாமியார் ஜனங்களைப் பார்த்துத் திரும்பி நின்று, ‘எங்கள் பாப்பரசர் சின்னப்பருக்காகவும்’ என்று உரக்க மன்றாடினார். கம்பிக்குள் மேற்றிராணியாரின் முகம் வெளுத்தது. புது ஆள், புரியாத பாஷை, யாரோ ஒரு சின்னப்பர்! அரசாங்கமே கள்ளப் பாப்பரசரை வைத்து ஒரு கள்ளச்சபையைக் கட்டிவிட்டது என்று முடிவு கட்டி, அவர் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார். நன்மையைத் தொடவில்லை. புதுச்சாமியார் லத்தீனில் பிரசங்கம் செய்து பார்த்தார். லத்தீன் தெரிந்த ஆட்களை அனுப்பித்தான் அரசாங்கத்தார் ஏற்கெனவே மேற்றிராணியாரை மயக்கப் பார்த்திருந்தார்கள், அவர் காதைப் பொத்திக்கொண்டார். மாதங்கள் போயின. ஆள் துரும்பாய் இளைத்தார். காவலாள் கையில் காகிதமும் பேனாவும் தென்படத் தொடங்கின.

“ஏங்க, இப்பிடிப் பட்டினி கெடந்து மனசு தளந்து கையெழுத்துப் போட்டுட்டாருன்னா?” என்றாள் சூசையம்மாள்.

“கஞ்சி குடுக்கத்தான் செய்றாங்க. இம்புட்டு வருசமா ஆளத் தாங்குனது நன்மைதானே. அதையில்ல வேண்டாங்கிறாரு.”

பூண்டு வாங்க வந்த வியாபாரி நல்லுசாமி கேட்டுக்கொண்டிருந்தார். “ஏலே இன்னாசி, கம்பிக்குள்ள இருக்கிற ஒங்க சாமியாரு ஒங்களையே நம்பலைன்னா, அவர எந்த சர்க்காரு அசைக்கும்லே?” என்று சிரித்தார்.

இன்னாசிக்குச் சிரிப்பு வரவில்லை. கள்ளச்சபைக்காரன் என்று அவரை அதுவரை யாரும் நினைத்ததில்லை. மறுநாள் பூசையில் மறுபடி ‘சின்னப்பர்’ என்று கேட்டதும், மேற்றிராணியாரின் முதுகு விறைத்ததைக் கவனித்தார். சங்கதி அந்தப் பெயரில்தான் இருக்கிறது. எழுந்து, பீடத்துக்குப் பக்கத்தில் இருந்த ஆளுயரச் சுரூபத்தைக் கட்டிப்பிடித்து இழுத்துவந்து கம்பி முன்னால் நிறுத்தினார். மரம் தரையில் உரசிய சத்தத்தில் மேற்றிராணியார் திரும்பினார். நீண்ட தாடி, ஒரு கையில் புத்தகம், மறு கையில் வாள். இன்னாசி அதன் மார்பைத் தொட்டு, “சின்னப்பர்” என்றார்.

மேற்றிராணியார் வாளை உற்றுப் பார்த்தார். புத்தகமும் வாளுமாக நிற்கிற அப்போஸ்தலர் அவர் ஊர்க் கோயில்களிலும் ஒருவர்தான். “பவுலுஸ்?”

ஆமாம் என்பதற்கு இன்னாசியிடம் இருந்தது ஒரே சொல். “ஆமென்” என்றார்.

“சின்னப்பர்... பவுலுஸ்?”

“ஆமென்.”

பவுலைத் தமிழ் வேதக்காரர்கள் தலைமுறை தலைமுறையாகச் சின்னப்பர் என்றுதான் கூப்பிடுகிறார்கள் என்பதை அவருக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை. அவர் தரையில் உட்கார்ந்து கண்ணில் நீர் வரச் சிரித்தார். பிறகு எழுந்து, கம்பிக்கு நடுவே நன்மைக்காக வாயைத் திறந்து காத்து நின்றார்.

அடுத்த விசாரணையில், தம் தலைவர் சின்னப்பர் என்று அவர் தெளிவாக வாக்குமூலம் கொடுத்தார். அப்படியொரு ஆளை அந்த அரசாங்கம் மாகாணம் மாகாணமாகத் தேடுவதாகவும், அந்தச் சோலியில் கையெழுத்தை மறந்துவிட்டதாகவும் காவலாள் காப்பி குடித்துக்கொண்டே சைகையில் சொன்னார். அறுபத்தொன்பதில் திருவிழாவுக்காகக் கோயிலுக்கு வெள்ளையடித்தபோது, சிறையின் வெளிச்சுவருக்கும் பூசை நேரத்தில் தினம் கொஞ்சமாக அடித்தார்கள். உட்புறத்தை, கம்பி வழியே சுண்ணாம்பு மட்டையை வாங்கி, மேற்றிராணியாரே அடித்துக்கொண்டார்.